கோரம் இருக்கிறதா?

ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் முதலில் காதில் விழும் கேள்வி இது. தமிழில் கோரம் என்றால் பயங்கரம். கூட்டத்தில் சொல்லும் கோரம் வேறு: எடுக்கும் முடிவு செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டுமோ, அந்த எண்ணிக்கை. அரசுத் தமிழில் 'குறைவெண்' என்பார்கள்.

ஆங்கிலத்தில் 'குவோரம்' எனப்படும் இது லத்தீன் சொல். 'எவர்களுள்' என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தில் ஊர் வழக்குகளை விசாரிக்க மன்னர் சமாதான நீதிபதிகளை நியமித்தார். பெரும்பாலும் அவர்கள் நிலக்கிழார்கள். சட்டம் படித்தவர்கள் அல்லர். அதனால் நியமன ஆணையில் சட்டம் தெரிந்த சிலரைப் பெயர் சொல்லிக் குறித்து, 'இவர்களுள் ஒருவராவது இருக்க வேண்டும்' என்று நிபந்தனை வைத்தார்கள். அந்த லத்தீன் வாசகத்தின் முதல் சொல்தான் 'குவோரம்'.

ஆக, எத்தனை பேர் என்பதல்ல, யார் என்பதே ஆரம்பத்தில் கேள்வி. அந்தப் பட்டியலில் இடம்பெறுவது கௌரவமாகிப் போனதால், நாளடைவில் கிட்டத்தட்ட எல்லா நீதிபதிகளின் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நிபந்தனை வெறும் சடங்கானது.

எண்ணிக்கை என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. பிரிட்டிஷ் மக்களவைக்கு 40 பேர் என்று அப்போது வகுத்த விதி இன்றும் இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு பத்தில் ஒரு பங்கு என்கிறது. 543 இடங்கள் கொண்ட மக்களவைக்கு 55 பேர். 234 இடங்கள் கொண்ட தமிழகச் சட்டமன்றத்துக்கு 24 பேர். அத்தனை பேர் இல்லையென்றால் அவையை ஒத்திவைப்பது, அல்லது அவர்கள் வரும்வரை நிறுத்திவைப்பது அவைத் தலைவரின் கடமை.

வராதவர்களின் தலையில் நாலு பேர் சேர்ந்து முடிவைக் கட்டிவிடக் கூடாது என்பதே இந்த விதியின் நோக்கம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில், அரை மணி நேரத்தில் கோரம் சேராவிட்டால் கூட்டம் பொதுவாக அடுத்த வாரம் அதே கிழமைக்குத் தள்ளிப்போகும். அன்றும் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். வராதவருக்கு ஒரு வார அவகாசம் கிடைக்கிறது.

பல குடியிருப்போர் சங்கங்களின் பைலாவில் அந்த ஒரு வாரம் அரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பத்தரைக்கு ஒத்திவைத்து, பதினொன்றுக்கு அதே நாற்காலிகளில் உட்கார்ந்து மீண்டும் தொடங்குகிறோம். 120 வீடுகளுக்கான பராமரிப்புக் கட்டணத்தைப் பன்னிரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். விதிப்படி சரிதான், ஆனால் விதி எதற்காக வந்ததோ அது நடக்கவில்லை. இங்கிலாந்தில் எல்லாரையும் பட்டியலில் சேர்த்து நிபந்தனையை ஒப்புக்கு ஆக்கினார்கள். நாம் அதையே அரை மணி நேரத்தில் செய்கிறோம்.

அரை மணியை ஒரு வாரமாக மாற்றலாம். ஆனால் பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதை நிறைவேற்றவும் நாம் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும்.