தோன்றா எழுவாய்

முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், "ரெண்டு பிள்ளையோட ஆபரேஷன் பண்ணியாச்சு" என்பார்கள். என்ன ஆபரேஷன் என்று தாமிரபரணிக் கரையில் எவரும் கேட்பதில்லை. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு உறுத்துவது வேறொன்று. பண்ணியது யார், விரும்பியது யார் என்று அவ்வாக்கியம் சொல்வதில்லை.

அறுவைக்கு உட்படுவோருக்குப் பணம் தரும் வழக்கத்தை 1950களின் பிற்பகுதியிலேயே தொடங்கிய முன்னோடி, அன்றைய சென்னை மாநிலம். நெருக்கடி நிலைக் காலமான 1976-77இல் நாடெங்கும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். வற்புறுத்தலின் சினம் 1977 தேர்தலில் வெடித்தது. அதன்பின் அரசுகள் ஆண்களை நெருங்க அஞ்சின; கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது.

அத்திருப்பத்துக்கு வாய்ப்பாக வந்தது லேப்ராஸ்கோப். தொப்புளருகே சிறிதாகக் கீறி, வயிற்றில் வாயுவை நிரப்பி, ஒளிக்குழாய் வழியே பார்த்துக் கருக்குழாயில் வளையம் மாட்டும் முறை. வடு சிறிது, வீடு திரும்புவதும் விரைவு. ஓயாத பேறுகளிலிருந்து பல பெண்களை அது மீட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த எளிமையே முகாம்களின் வேகத்துக்கும் துணைபோயிற்று. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அங்கும் அடுத்த முகாம்களிலுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முகாம்களை மூன்றாண்டுக்குள் கைவிடுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கீறலே இல்லாத முறையும் வந்தது. கருப்பை வாய் வழியே கருவியால் பார்த்துக் கருக்குழாயில் கம்பிச்சுருளை வைக்கும் 'எஷ்யூர்' 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தீராத வலி, குழாயில் துளை எனப் பெண்களின் புகார்கள் குவிந்தன. 2018 இறுதியில் அங்கும் விற்பனை நின்றது.

இவை எல்லாவற்றினும் எளியது ஆணுக்கான அறுவை. வயிற்றைத் தொடவே வேண்டாம். ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் தாமே அறுவை செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடே.

நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் பிறர் கர்ப்பத்தடையை வேண்டியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று 1930 வாக்கில் எழுதினார் பெரியார். கருவி நுண்மையாகி, வடுவும் மறையத் தொடங்கிவிட்டது. "பண்ணியாச்சு" என்பவள் "நான் பண்ணிக்கிட்டேன்" என்றோ, "அவரு பண்ணிக்கிட்டாரு" என்றோ சொல்லும் நாளைத்தான் நாம் இன்னும் எதிர்நோக்கியிருக்கிறோம்.