ஹேமச்சந்திரர் எண் தொடர்
1, 2, 3, 5, 8, 13 என, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் எண் தொடர். ஃபிபனாச்சி எனப்படும் பிசா நகர லியொனார்டோ 1202-இல் இதை முயல் கணக்காக எழுதியதால் ஃபிபனாச்சி தொடர் என்றே வழங்குகிறது. ஆனால் குஜராத்தின் சமண அறிஞர் ஹேமச்சந்திரர் சுமார் 1150-லேயே தம் யாப்பு நூலில் இவ்விதியைச் சொல்லிவிட்டார். அவருக்கும் முன்னோடி விரகாங்கர். ஓர் அடியைக் குற்றசையாலும் நெட்டசையாலும் எத்தனை வழிகளில் நிரப்பலாம் என்பதே கேள்வி. குற்றசையான லகுவுக்கு ஒரு மாத்திரை, நெட்டசையான குருவுக்கு இரண்டு. நான்கு மாத்திரை அடி லகுவில் முடிந்தால் மீதி மூன்று மாத்திரைக்கு 3 வழிகள், குருவில் முடிந்தால் மீதி இரண்டுக்கு 2, ஆக 5. இது செய்யுள் இலக்கணம்தானே, கணிதமா என்பர் சிலர். எந்த நீளத்துக்கும் பொருந்தும் விதி கணிதம்தான். முயல் பெருக்கம் மட்டும் என்னவாம்? இந்திய இலக்கங்களை ஐரோப்பாவில் பரப்பிய லியொனார்டோ இத்தொடரையும் இங்கிருந்து பெற்றார் என்பதற்குச் சான்றில்லை. அதனால் ஹேமச்சந்திரரின் முன்னுரிமை குறைவதுமில்லை.