ஏணை ஆட்டின கைக்கு ஒரு சான்றிதழ்

எங்கட ஊர்ல ஒரு வீட்டுப் படலையத் தட்டி, "புள்ளய ஆரு பாக்குற?" என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். "உம்மும்மா பாக்குறா." "சாச்சி வீட்ட விட்டிருக்கம்." "பக்கத்து வீட்டு மாமிட்ட நிக்கிறான்." அந்த மாமி என்ன படிச்சவ, எங்க பழகினவ என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்கிறதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்களில் பாதிப்பேர் அப்படியான ஒரு மாமியின் திண்ணையில வளர்ந்தவர்கள்தான். இதைப் பற்றி எழுதுவம் என்று உட்கார்ந்த பிறகுதான், கேட்காமல் விட்டதற்கும் ஒரு வரலாறு இருக்கு என்று விளங்கியது.

அந்த வரலாறு வீட்டிலிருந்தே தொடங்குது. மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரைக்கும் ஒரு வழக்கம் இருக்கு. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில இருப்பார். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதாமலே எங்களுக்குத் தெரிந்த ஒன்றும் உண்டு. உம்மாவின் உம்மா பக்கத்தில, உம்மாவின் தங்கச்சி அடுத்த வளவில. மருதமுனையில உம்மா தறியில இருந்தால், ஏணையை ஆட்டி ராராட்டுப் பாட ஒரு கை எப்பவும் இருந்தது. அதுக்குக் காசும் இல்லை, கடதாசியும் இல்லை.

கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளை ஓதுற வீட்டுக்குப் போகும். அலிஃப், பே சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண், தன் வீட்டு விறாந்தையில பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்திருப்பா. ஓதிக்கொடுப்பதோடு சண்டையை விலக்கி, மூக்கைத் துடைத்து, உம்மாமார் வேலை முடித்து வரும்வரை வைத்துப் பார்ப்பதும் அவதான். பெற்றோர் கையில கொடுக்கிற சிறு தொகைதான் வருமானம். இன்றைக்கு 'வீட்டுவழி சிறுவர் பராமரிப்பு' என்று அறிக்கைகளில எழுதுகிற விஷயம் எங்கட கரையில இப்படித்தான் நடந்தது.

பிறகு அரசாங்கம் வந்தது. அது எந்த வயதிலே கை வைத்தது, எந்த வயதை விட்டது என்பதைத்தான் கவனிக்கணும்.

முதலில் பிரசவம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை கொஞ்சம் கொஞ்சமாக நாடு முழுக்கப் பரவியது. வீட்டுக்கு வந்து பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சியின் இடத்தை, பயிற்சி பெற்ற குடும்பநல உத்தியோகத்தர் எடுத்தார். 'மிட்வைஃப் மிஸ்' என்று நாங்கள் கூப்பிடுகிற அவருக்குப் பயிற்சி ஒன்றரை வருடம். இலங்கையில் தாய்மார் சாவும் சிசுச் சாவும் இறங்கியதில் அந்தப் பயிற்சிக்குப் பெரிய பங்கு இருக்கு.

அடுத்தது பள்ளிக்கூடம். 1942இல், யுத்தகால உணவு உற்பத்தியைக் கூட்டுவதற்காக, உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவர் இங்கே பார்த்தது நெல்லை மட்டுமில்லை, படிக்க வசதியில்லாத பிள்ளைகளையும்தான். அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. அந்த எண்ணம்தான் 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியாக வளர்ந்தது. அதே 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை, பின்னாளில் தேசிய கல்வியியல் கல்லூரி, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று அந்தப் பாதை நீண்டது. ஆனால் அது முதலாம் வகுப்பு வாசலில்தான் தொடங்குது. 1997இல் வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி 5 வயதிலிருந்து 14 வரை என்றது. 2016இல் 16 என்று கூட்டினார்கள். மேல் எல்லை உயர்ந்தது, கீழ் எல்லை அசையவில்லை.

ஆக, பிறக்க வைக்கிறவருக்குப் பயிற்சி இருக்கு. ஐந்து வயதில் எழுத்தறிவிக்கிறவருக்கும் இருக்கு. இடையில உள்ள ஐந்து வருடம் உம்மும்மாவின் மடியில விடப்பட்டது. அஸீஸ் காலத்து ஆட்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புறதே போராட்டமாக இருந்த காலம் அது.

இந்த இடைவெளியை நிரப்ப முயற்சி நடக்காமலும் இல்லை. மரியா மொன்டிசூரி 1939இல் சென்னைக்கு வந்து, யுத்தத்தால் அங்கேயே தங்கி, 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவருடைய முறை கொழும்பில வேரூன்றியது. கரையோரத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது பெயர்தான். 70களில் சர்வோதயம் கிராமங்களில் முன்பள்ளிகளைப் பரப்பியது. சர்வதேச சிறுவர் ஆண்டான 1979இல் சிறுவர் செயலகம் அமைந்தது. எங்கட ஊர்களிலும் 'நேசரி' வந்தது. க.பொ.த. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில நிற்கிற ராத்தாமார்தான் நேசரி டீச்சர். மூன்று வயதுக்கு மேல், அதுவும் மத்தியானம் வரைக்கும்தான். மிச்ச நேரம் பழையபடி மாமியின் திண்ணை.

2004ஆம் ஆண்டை எங்கட கரை இரண்டு விதத்தில் நினைவு வைக்கலாம். முன்பிள்ளைப் பருவப் பராமரிப்புக்கும் அபிவிருத்திக்குமான முதலாவது தேசியக் கொள்கை அந்த வருடம்தான் வந்தது. டிசம்பர் 26இல் கடல் வந்தது. இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்கள் போன மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரை வளவுகள் அப்படியே போயின. வீடுகளோடு, அக்கா தங்கச்சி வீடுகள் அடுத்தடுத்து இருந்த அந்த ஒழுங்கும் உடைந்தது. வீட்டுத்திட்டங்களில குடியேறினவர்களுக்குப் பக்கத்து வீடு இனிச் சாச்சி வீடில்லை. பிள்ளையைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் விடுகிற தேவை கூடினதுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறம்.

இன்னொரு காரணம் வெளிநாடு. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. வீட்டுவேலைக்கு முதல் தடவையாக வளைகுடா போகிற பெண் பயிற்சி எடுத்து, சான்றிதழோடுதான் விமானம் ஏறணும். 2013இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் உம்மா போக முடியாது. அதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், யார் பார்ப்பார் என்று காட்டணும். 2022இல் பொருளாதார நெருக்கடிக்குள்ள அந்த வயது எல்லை இரண்டாகக் குறைந்தது.

இதை ஒருக்கா யோசித்துப் பாருங்க. குவைத்தில் ஒரு வீட்டைப் பார்க்க, அங்குள்ள பிள்ளையைப் பார்க்க, பயிற்சி கட்டாயம். அவ கல்முனையில விட்டுட்டுப் போற பிள்ளையைப் பார்க்கிறவருக்கு ஒரு நாள் பயிற்சிகூட இல்லை. படிவத்தில பெயர் எழுதுறதோடு சரி.

"பிள்ளை வளர்க்கிறதுக்கும் படிப்பா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. பசி அழுகையையும் தூக்க அழுகையையும் பிரித்துச் சொல்கிற காதை எந்த டிப்ளோமாவும் தராது. ஆனால் காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளையின் பல்லுக்கிடையில கரண்டி வைக்கிற கையும் அதே கைதான். சுடுதண்ணி கொட்டின இடத்தில பற்பசை பூசுறதும் அன்பாலதான். கரண்டியை எடுத்துவிட்டு, பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைக்கணும்; சுட்ட இடத்தில குழாய்த் தண்ணியை இருபது நிமிடம் ஓடவிடணும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பின்னேரம் போதும். அந்த ஒரு பின்னேரத்தை யாரும் அவவுக்குக் கொடுக்கவில்லை.

வேறு நாடுகள் இதை எப்படிச் செய்தன என்று பார்த்தால், பிரான்ஸின் கதை எங்களுக்குக் கிட்ட வருது. அங்கேயும் கூலிக்குப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் இருந்தார்கள். 1874இல் ரூசெல் சட்டம் அவர்களைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. 1977இல் அவர்களுக்குத் தொழிலாளர் என்ற அந்தஸ்து கிடைத்தது. இப்போது பயிற்சி 120 மணித்தியாலம். அதில் 80 முதல் பிள்ளையை ஏற்பதற்கு முன்னமே முடியணும். அவர்கள் மாமியின் வீட்டை மூடவில்லை. பார்த்தார்கள், பழக்கினார்கள், பெயர் கொடுத்தார்கள்.

எங்களிடமும் கதவு இல்லாமல் இல்லை. திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்வியில் கற்கைநெறிகள் நடத்துது. கிழக்கு மாகாணத்தில் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இருக்கு. தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ. முறையில் முன்பள்ளி ஆசிரியருக்கும் பராமரிப்பாளருக்கும் தரங்கள் இருக்கு. அந்த முறையில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது முன்கற்றல் அங்கீகாரம். வகுப்பில இருந்து படிக்காவிட்டாலும், வேலையில கற்றதை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறலாம். இருபது வருடமாகப் பிள்ளை பார்க்கிற மாமிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. எங்களுக்குத் தெரிந்த மாமிமாரிடம் சொன்னபோது, அவர்களில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

1942இல் கல்முனையில் ஊரவர்கள் சங்கம் சேர்ந்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்காக. இப்ப ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்காகச் சேரலாம். பள்ளிவாசல் சம்மேளனங்களும் மாதர் சங்கங்களும் மனம் வைத்தால், பாடசாலை விட்ட பிறகு வெறுமையாகக் கிடக்கிற ஒரு வகுப்பறை போதும். பிரதேச செயலகத்தில் கேட்டு, தமிழில் மதிப்பிடக்கூடிய ஒருவரைக் கூப்பிடலாம். கட்டணத்துக்கு ஊரில பணம் சேர்க்கலாம். முதலுதவி சொல்லித்தர மிட்வைஃப் மிஸ்ஸைக் கேட்கலாம்.

நாங்கள் எங்கட தெருவிலிருந்தே தொடங்குறம். படலையத் தட்டி, "மாமி, உங்களிட்ட எத்தின புள்ளையள் இரிக்கி, எத்தின வருஷமாப் பாக்குறீங்க?" என்று கேட்டுக் கொப்பியில எழுதுறம். அந்தக் கொப்பியோடுதான் பிரதேச செயலகத்துக்குப் போவம்.