வெட்டுப்பட்ட பேரரசர்கள்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சி என்னும் ஊரில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றில் காலத்தால் பிந்தியவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியனுடையவை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில் அவற்றை ஆராய்ந்து, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட காசுகளில் பேரரசரின் தலைமீது வேண்டுமென்றே வெட்டு போடப்பட்டிருப்பதைக் குறித்தார். இன்றைய சேகரிப்பாளர் சந்தையில் இப்படிப்பட்ட காசு 'சேதமடைந்தது' என்று விலை குறையும். ஆனால் ரோமானியப் பேரரசில் அச்சான காசுக்குத் தமிழ்நாட்டில் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் சான்று அந்த வெட்டு ஒன்றுதான். அதைச் சேதக் கணக்கில் எழுதினால் காசின் பாதி வரலாறு கணக்கிலேயே வராமல் போகும்.

ஒரு காசில் வழக்கத்துக்கு மாறான எதைக் கண்டாலும் அது எப்போது நேர்ந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அச்சுக்கூடத்தில் நேர்ந்தது பிழை. முன்பு அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்த காசின் ஒரு பக்கத்தில் உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதிவது அப்படிப்பட்டது. கைமாறிக் கைமாறி நேர்வது தேய்மானம். முதலில் மழுங்குவது மூக்கு, கன்னம் போன்ற மேடான இடங்களே. உளி வெட்டு இவ்விரண்டிலும் சேராது. அது பதிந்த உருவத்தை ஊடறுத்துச் செல்லும். ஒதுங்கிய உலோகம் இரு கரையிலும் மேடிட்டு நிற்கும். அந்தக் கரைகள் மழுங்கியிருந்தால் வெட்டுக்குப் பிறகும் காசு புழங்கியது என்று பொருள். கூர்மையாகவே இருந்தால் அதன் புழக்கம் பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும்.

அப்படியானால் ஏன் வெட்டினார்கள்? பொன்முலாம் பூசிய போலியைக் கண்டுபிடிக்கப் போட்ட சோதனை வெட்டு என்பது ஒரு விளக்கம். சோதிப்பவருக்கு விளிம்பே போதும். நூற்றுக்கணக்கான காசுகளில் தவறாமல் தலையைத் தேட வேண்டியதில்லை. உருவங்கள்மீது கொண்ட சமய வெறுப்பு என்பது இன்னொன்று. ஆனால் மாக்கோதை, குட்டுவன்கோதை என்னும் சேர மன்னர்களின் பெயரில் தலையுருவம் பொறித்த வெள்ளிக் காசுகளே கிடைத்திருக்கின்றன. மன்னன் முகம் காசில் இருப்பது இங்கே யாருக்கும் கூசவில்லை. மிகவும் தேய்ந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்குவதற்கான அடையாளம் என்று ஹில் கருதினார். எனக்கு இதுவே வலுவாகப்படுகிறது. இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி; நீரோ கி.பி. 64-இல் வெள்ளியின் எடையையும் தரத்தையும் குறைத்த பிறகு வந்த காசுகள் அரிது. இங்கே வாங்கியவர்கள் உலோகத்தைத்தான் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம்.

எடைதான் முக்கியம் என்றால் தராசு போதுமே, வெட்டு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே வகைக் காசுகள் பெருந்தொகையாகக் கைமாறும் வணிகத்தில் ஒவ்வொன்றையும் நிறுக்காமல் எண்ணியே வாங்கும் வழக்கம் எளிதில் தோன்றும். அங்கே எடை குறைந்த காசு நல்ல காசோடு கலந்துவிடும். தலைமீது விழுந்த வெட்டு, இதை எண்ணி வாங்காதே, நிறுத்து வாங்கு என்று அடுத்தவருக்குச் சொல்லிவிடுகிறது. வெட்டியவர் யார் என்பது முடிவாகாத நிலையில் இதற்கு இவ்வளவு மதிப்பு எதற்கு என்றும் கேட்கப்படலாம். ஒரே இடத்தில், ஒரே விதமாக, நூற்றுக்கணக்கான காசுகளில் விழுந்த வெட்டு ஏதோ ஓர் ஒழுங்கு நடைமுறையில் இருந்ததைக் காட்டுகிறது. கேள்வி திறந்திருப்பது அந்தச் சான்றைக் காப்பதற்கே கூடுதல் காரணம்.

இன்றைக்கும் ஒருவர் உளியெடுத்துப் பழங்காசை வெட்டிவிட முடியும் என்பது உண்மையான ஆபத்து. எனவேதான் எந்த மண்ணில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்ற பதிவு காசைப் போலவே விலைமதிப்புள்ளது. புதுக்கோட்டை வெட்டுகளை நாம் நம்பிப் பேச முடிவது, அந்தப் புதையல் சிதறி உருகிப்போவதற்குள் ஒருவர் உட்கார்ந்து பட்டியலிட்டதால்தான். காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் வெட்டை நிரப்பிச் சீராக்குவதும் அழகுக்காகச் சான்றை அழிக்கும் செயல்கள். சேகரிப்பாளர் முதலில் எடுக்க வேண்டியது உருப்பெருக்கியும் குறிப்பேடும். தூரிகை அதற்கு வெகு பின்னால் வரட்டும்.