தோட்டத்து ஈறுகள்

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் ஹரால்ட் லோவும் சகாக்களும் 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் துலக்கியதும் ஒரு வாரத்தில் சரியானது. அழுக்குதான் வில்லன், கதை முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. 1970இல் லோவின் குழு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. 480 ஆண் தொழிலாளர்கள், மலையகத் தமிழர்கள். பிரஷ் கிடையாது, பல் வைத்தியம் கிடையாது. எல்லார் வாயிலும் காரை, எல்லார் ஈறிலும் அழற்சி. 15 வருடம் அளந்தார்கள். 8 சதவீதம் பேருக்குப் பல்லின் பிடிமானம் மளமளவென்று போனது. 81 சதவீதத்துக்கு மெதுவாக. மீதி 11 சதவீதத்துக்கு அழற்சியைத் தாண்டி எதுவுமே ஆகவில்லை!

ஒரே அழுக்கு, மூன்று முடிவுகள். அப்படியென்றால் வித்தியாசம் உடம்பில் இருக்க வேண்டும். கிருமியோடு சண்டைக்கு வரும் வெள்ளையணுக்கள் கொட்டும் நொதிகள்தான் ஈறின் கொலாஜனையும் அறுக்கின்றன. எலும்பைக் கரைப்பதும் நம்முடைய செல்களே. ஆளுக்கு ஆள் அந்தச் சண்டையின் மூர்க்கம் மாறும். இன்றும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த மூன்று எண்களைப் படிக்கிறார்கள்.

ஆய்வின் தலைப்பில் ‘இயற்கை வரலாறு’ என்று இருக்கிறது. எது இயற்கை? 1948 சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வைத்தியம் எட்டாத வாய் ஆராய்ச்சிக்கு வசதியாக இருந்தது.

1985இல் அளக்கக் கிடைத்தவர்கள் 161 பேர். 2010இல் திரும்பத் தேடிப்போனபோது 75.