11ஆம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் ஆயா கேட்கும் முதல் கேள்வி, “கூண்டு ஏத்திட்டாங்களா?” தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். டிவியில் வானிலை அதிகாரி என்ன சொன்னாலும் ஆயாவுக்குக் கூண்டு எண்தான் கணக்கு. மூன்று என்றால் மாடியில் காயும் வடகம் உள்ளே வரும். அதற்கு மேல் என்றால் அரிசி மூட்டை கட்டில்மேல் ஏறும்.

நானும் ரொம்ப நாள் அந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி நினைத்திருந்தேன். 10 என்றால் 9ஐவிடப் பெரிய புயல் என்று. அப்படி இல்லை.

1864இல் கல்கத்தாவை ஒரு புயல் சிதைத்துப் போட்டது. அடுத்த ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடு வந்தது. இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான குறி என்பது 1898இல். பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். இரவில் அதே செய்தியைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சொல்லும். 1, 2 என்றால் தொல்லை தூரக் கடலில். 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே. 5, 6, 7 மிதமான புயல். அது துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையேறும், அல்லது நேராகத் தலைமேலேயே வருமா என்பதுதான் அந்த மூன்றுக்கும் வித்தியாசம். 8, 9, 10 அதே மூன்று பாதைகள், ஆனால் கடும் புயல். ஆக 8க்கும் 10க்கும் நடுவில் மாறுவது பலம் இல்லை, பாதை. செய்தி வாசிப்பவர்கள் குரலை ஏற்றி இறக்குவதைப் பார்த்தால் இது அவர்களுக்கே தெரியுமா என்று சந்தேகம் வரும்.

மிச்சம் 11. அது புயலின் அளவைச் சொல்வதே இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் அபாயம் இருப்பதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார், அவ்வளவுதான். ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்பதையே ஒரு செய்தியாக்கிக் கம்பத்தில் ஏற்றிய அந்த ஆள் யாரோ, பெரிய ஆள்.

இதே புத்தி ரயில்வேக்கும் இருந்தது. ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பின்னாளில் நம்மூர்த் தண்டவாளங்கள் ஓரமெல்லாம் நின்ற கைகாட்டி மரங்களில் கை படுத்திருந்தால் ‘நில்’, கீழே இறங்கினால் ‘போ’. இழுக்கும் கம்பி அறுந்துபோனால் எதிர் எடை கையைத் தூக்கிப் பழையபடி ‘நில்’லில் கொண்டுவந்து வைக்கும். சிக்னல் செத்தால் ரயில் நிற்க வேண்டும், ஓடக்கூடாது.

இதெல்லாம் எனக்கு உறைத்தது ஒரு சின்ன நீல விளக்கால்.

எங்கள் தெரு தாழ்வு. மழைத் தண்ணீர் ஏறுவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள பீகிள்போன் பிளாக் என்ற லினக்ஸ் போர்டு ஒன்றை மாடிப்படிக்குக் கீழே மாட்டினேன். சென்சார் வாசல் கால்வாயின் நீர்மட்டத்தை அளக்கும், என் புரோகிராம் அதைப் போனுக்கு அனுப்பும். போர்டில் நான்கு எல்இடி. முதலாவது இதயம் மாதிரித் துடிக்கும்: டப்-டப், ஒரு இடைவெளி, டப்-டப். 2023 டிசம்பர் 3 ராத்திரி, மிக்ஜாம் மழை. போனில் நீர்மட்டம் நெடுநேரமாக ஒரே எண்ணில் நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன், விளக்கு துடித்தது. “லைட்டு நல்லா எரியுது ஆயா, படு” என்றேன். விடியும்போது தரையில் கணுக்கால் தண்ணீர். ஆயாவின் டிரங்குப் பெட்டிக்குள் தாத்தாவின் துறைமுக பாஸ் ஊறிப்போய், முகம் தெரியாமல் கிடந்தது. ஆயா திட்டவில்லை. “கூண்டு கேட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த விளக்கு பொய் சொல்லவில்லை. நான்தான் அதை வேறு யாரோ பேசுவதாக நினைத்துக்கொண்டேன்.

லினக்ஸில் எல்இடிகளுக்கென்று பொதுவான ஏற்பாடு 2006இல் வந்தது, ரிச்சர்ட் பர்டி எழுதியது. சிஸ், கிளாஸ், லெட்ஸ் என்று போகும் கோப்புறைக்குள் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அறை. உள்ளே பிரைட்னஸ் என்ற கோப்பில் 1 எழுதினால் எரியும், 0 எழுதினால் அணையும். ட்ரிக்கர் என்ற கோப்பு, விளக்கை யார் ஆட்டுகிறார்கள் என்று சொல்லும். அதைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும், இப்போது ஆட்டுபவரின் பெயர் மட்டும் சதுர அடைப்புக்குள் இருக்கும். மெமரி கார்டா, சிபியூவா, டைமரா, ஹார்ட்பீட்டா. விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் முன் அந்தப் பெயரைத்தான் படிக்க வேண்டும். எங்கள் பேட்டையில் துணி வெளுத்தவர்கள் சேங்கொட்டைச் சாற்றில் போட்ட குறியும் அப்படித்தானே. யார் போட்டது என்று தெரியாதவனுக்கு வெறும் கறை.

ஹார்ட்பீட் எழுதியவர் அட்சுஷி நெமோட்டோ, அதுவும் 2006. அழகான வேலை. போர்டு சும்மா இருந்தால் ஒரு சுற்றுக்கு 1260 மில்லி செகண்ட். சராசரி பளு 1 ஆனால் 860, 5 ஆனால் 510. ஓடுகிறவனின் நெஞ்சு மாதிரி. ஆனால் துடிப்பது கெர்னலின் நெஞ்சு. கெர்னல் உயிரோடு இருந்தது, உண்மை. என் புரோகிராம்தான், மொபைல் நெட்வொர்க் போனதும், ‘அனுப்பிவிட்டுத்தான் அடுத்த அளவு’ என்று பதிலுக்காக உட்கார்ந்துவிட்டது. கெடு எதுவும் வைக்காமல் எழுதியவன் நான். தொடர்பு அறுந்தபோது 11 ஏற்றவேண்டிய இடத்தில் ஒன்றுமே ஏற்றவில்லை.

சரி, டைமர் ட்ரிக்கர் போட்டுச் சிமிட்ட விடலாமே என்று முதலில் தோன்றியது. அதுவும் வீண். ஒருமுறை சொல்லிவிட்டால் கெர்னலே சிமிட்டிக்கொண்டிருக்கும், சொன்னவன் செத்தாலும். எனவே இரண்டாவது எல்இடியின் ட்ரிக்கரில் ‘நன்’ என்று எழுதி, யாருக்கும் இல்லாமல் விடுவித்தேன். ஒவ்வொரு அளவும் ஒழுங்காகக் கிடைத்த பிறகு புரோகிராமே பிரைட்னஸை ஒருமுறை மாற்றும். அளந்தது போனுக்கும் போய்ச் சேர்ந்தால் ஒரு சிமிட்டு. அளந்தும் அனுப்ப முடியாவிட்டால் மூன்று. அணைந்தே கிடந்தாலோ அசையாமல் எரிந்தாலோ எதையும் நம்பாதே. புரோகிராம் தொங்கும்போது விளக்கு எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும் என்பதால் எரிவதும் அணைந்ததும் ஒன்றுதான்.

ஆயாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. மூணு வாட்டி மின்னினா இன்னா அர்த்தம் என்று கேட்டேன்.

“பதினொண்ணு,” என்றாள். “மூட்டைய மேல ஏத்து.”