பொதுக் கம்பியும் தனிக் கம்பியும்

இன்றைக்குச் சென்னையிலாகட்டும், சிகாகோவிலாகட்டும், புதிதாக ஒரு காரியாலயம் அமைப்பவர்கள் மேஜைக்கு ஒன்றாகக் கணக்கிட்டு லேன் கேபிள்களைச் சுவருக்குள்ளும் கூரைத் தட்டுக்கு மேலும் இழுத்து, அவ்வளவையும் ஓர் ஒதுக்கறையிலிருக்கும் ஸ்விட்ச் என்னும் பெட்டியில் கொண்டுபோய்ச் செருகிவிடுகிறார்கள். இருநூறு கம்ப்யூட்டர் இருந்தால் இருநூறு கம்பி. சிக்கன புத்தியுள்ள ஒருவர் இதைக் கண்டால், எல்லா யந்திரங்களையும் தொட்டுக்கொண்டு போகும்படி ஒரே கம்பியை ஓட்டினால் எவ்வளவு தாமிரம் மிச்சமாகும் என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆதியில் அப்படித்தான் செய்தார்கள். செய்தவர்களும் சாமானியர் அல்லர். அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, தாமிரத்தை வாரியிறைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு உலகம் வந்து சேர்ந்ததற்கு வேகமும் விலையும் ஓரளவு காரணமாயினும், பிரதான காரணம், கம்பியில் பழுது நேர்ந்தால் அதன் கஷ்டத்தை அனுபவிப்பது ஒருவனா, ஊராரா என்ற விவகாரந்தான் என்பது என் அபிப்பிராயம்.

கதை தொடங்குவது கம்பியே இல்லாத ஓரிடத்தில். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. ஹொனலூலுவிலிருந்த பெரிய கம்ப்யூட்டரை அங்கங்கிருந்து உபயோகிக்கத் தொலைபேசித் தடங்களை நம்ப முடியாதிருந்தபடியால், நார்மன் ஆப்ரம்ஸன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ரேடியோவைக்கொண்டு 1971-ல் அலோஹா என்னும் வலையை அமைத்தார்கள். எல்லா நிலையங்களும் பேசுவதற்கு ஒரே அலைவரிசைதான். ஆனால் யாருக்குப் பின் யார் என்று முறை வகுக்கவில்லை. பேச வேண்டியவன் பேசட்டும், இருவர் ஒரே சமயத்தில் பேசி இரண்டு செய்தியும் குழம்பிப்போனால், பதில் வராததைக்கொண்டு அதை ஊகித்து, அவரவர் தற்செயலாகத் தேர்ந்த ஓர் அவகாசம் பொறுத்து மறுபடி அனுப்பட்டும் என்று விட்டுவிட்டார்கள். சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளிக்கூடம் போன்ற இந்த முறையில், அலைவரிசையின் திறனில் சுமார் 18 சதவிகிதத்துக்கு மேல் பிரயோஜனப்படாது என்று கணிதம் காட்டுகிறது. ஆயினும் அது நடந்தது. நடத்துவதற்கு அதிகாரி ஒருவனும் தேவைப்படவில்லை.

ஆப்ரம்ஸனின் கட்டுரையைப் படித்தவர்களில் ராபர்ட் மெட்காஃப் ஒருவர். ஹார்வர்டில் டாக்டர் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேட்டில் தத்துவ விசாரம் போதவில்லை என்று பரீட்சகர்கள் தள்ளிவிட, அலோஹாவின் கணிதத்தை ஆராய்ந்து சேர்த்த பிறகே பட்டம் பெற்றவர். அதற்குள் அவர் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரத்திலிருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் ஏற்றிருந்தார். அங்கே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்ற, அக்காலத்தில் விபரீதமாகத் தோன்றிய கொள்கைப்படி ஆல்டோ என்னும் யந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் லேசர் அச்சு யந்திரமும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த ஓர் அச்சு யந்திரத்தோடு பல ஆல்டோக்களையும் இணைத்தாக வேண்டும். 1973 மே 22-ஆம் தேதி மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார்: அலோஹாவின் ஆகாச மார்க்கத்துக்குப் பதிலாக ஒரு கோ-ஆக்ஸியல் கேபிள், பேசுமுன் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று கேட்பது, பேசும்போதும் காது கொடுத்திருந்து, மோதல் என்று தெரிந்த க்ஷணமே நிறுத்திக்கொள்வது. டேவிட் பாக்ஸ் என்பவரின் கைத்திறமையும் சேர, விநாடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட் வேகத்தில் அது ஓடியது. ஒளியைச் சுமப்பதாகப் பழைய பௌதிக சாஸ்திரிகள் கற்பித்திருந்த ஈதரின் பெயரால் அதற்கு ஈதர்நெட் என்று நாமகரணம் செய்தார்கள்.

1979-ல் மெட்காஃப் வெளியேறி த்ரீ-காம் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளும் கூடி 1980 செப்டம்பரில், விநாடிக்கு ஒரு கோடி பிட் வேகத்துக்கு ஒரு பொது விதியை வெளியிட்டன. ஐ-ட்ரிபிள்-இ என்னும் என்ஜினீயர் சங்கம் 1983-ல் அதைச் சிற்சில மாறுதல்களுடன் அங்கீகரித்தது. அந்த விதிப்படி அமைந்த கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பருமன். பெரும்பாலும் மஞ்சள் உறை. இலேசில் வளையாத முரட்டுச் சுபாவம். ஒரு துண்டு 500 மீட்டர் வரை நீளலாம். உறையின்மேல் இரண்டரை மீட்டருக்கு ஒரு கறுப்புக் குறி போட்டிருக்கும். அந்தக் குறிகளில் மாத்திரமே யந்திரத்தை இணைக்கலாம். இணைப்பதற்குக் கேபிளை வெட்ட வேண்டியதில்லை. உறையிலும் உள்வலையிலும் துளையிட்டு, கூரிய முள்ளொன்றை நடுத் தாமிரத்தில் படும்படி இறுக்குவார்கள். இதற்கு வேம்பயர் டாப் என்று, அதாவது இரத்தம் உறிஞ்சும் பிசாசின் பெயரால், தொழிலாளிகள் பெயர் வைத்திருந்தார்கள். முள் சற்றுக் கோணினால் நடுக்கம்பியும் வலையும் தொட்டுக்கொண்டு, அந்தத் துண்டில் சேர்ந்த அத்தனை யந்திரங்களும் ஒருங்கே ஊமையாகும்.

கேபிளின் இரண்டு முனைகளிலும் 50 ஓம் தடையொன்று பொருத்தியிருக்க வேண்டும். முனைக்கு வந்து சேர்ந்த சமிக்ஞையை அது விழுங்கிவிடும். இல்லாவிட்டால் சமிக்ஞை திரும்பி ஓடிவந்து, பின்னால் வருவதோடு மோதிக் குழப்பம் விளைவிக்கும். ஆகவே ஒரு கோடியில் ஒருவர் அந்தச் சிறு பொருளைக் கழற்றினால், மறு கோடியில் காரணம் தெரியாமல் நூறு பேர் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். பழுதைக் கண்டுபிடிக்கக் கேபிளில் ஒரு துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் காலத்தை அளந்து, இத்தனை மீட்டரில் கோளாறு என்று நிர்ணயிக்கும் கருவி இருந்தது. கருவி இல்லாதவர்கள் கூரைத் தட்டுகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

மோதலை அறியும் முறையிலிருந்து பிறந்த ஒரு விதி, பிற்காலத்திய விசித்திரத்தைக் கருதி இங்கே சொல்லத்தக்கது. வலையின் ஒரு கோடியிலிருப்பவன் பேசத் தொடங்கி, மறு கோடியில் மோதல் நேர்ந்து, அந்தச் செய்தி திரும்பி வருமளவும் அவன் பேசிக்கொண்டே இருந்தால்தான், மோதியது தன் செய்தி என்று உணர முடியும். அதிகபட்சம் இரண்டரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு, இடைப்பட்ட கருவிகளின் தாமதத்தையும் கூட்டி, 512 பிட் காலம் என்று வைத்தார்கள். அதனால் 64 பைட்டுக்குக் குறைந்த செய்திச் சட்டம் ஈதர்நெட்டில் கூடாது என்றாயிற்று. மோதலே ஒழிந்துபோன சாதாரண வலைகளிலும் அந்த 64 அப்படியே இருக்கிறது.

மஞ்சள் கேபிளின் விலையும் முரட்டுத்தனமும் சிறிய காரியாலயங்களுக்கு ஒத்துவரவில்லை. மெல்லிய கோ-ஆக்ஸியல் கேபிள் வந்தது: 185 மீட்டர், முப்பது யந்திரங்கள், ஒவ்வொரு யந்திரத்தின் முதுகிலும் டி வடிவமான ஓர் இணைப்பு. வளைக்கலாம், கையால் திருகிப் பொருத்தலாம். அந்த சௌகரியமே அதற்குச் சத்துருவாயிற்று. முன்பு கூரைக்கு மேல் ஒளிந்திருந்த பொதுக் கம்பி இப்போது எல்லாருடைய காலடியிலும் கிடந்தது. மேஜையை நகர்த்துகிறவர் தெரியாமல் ஒரு திருகைத் தளர்த்தினால் வரிசை முழுவதும் நின்றுபோகும்.

இந்த அவஸ்தையைப் போட்டியாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஐ.பி.எம். கம்பெனி 1985-ல் விற்கத் தொடங்கிய டோக்கன் ரிங் என்ற வலையில், டோக்கன் என்னும் சிறு அனுமதிச் செய்தியொன்று யந்திரத்துக்கு யந்திரம் கைமாறிச் சுற்றி வரும்; அது யார் கையிலிருக்கிறதோ அவரே பேசலாம். மோதல் என்பதே கிடையாது. பெயர்தான் வளையம். ஒவ்வொரு மேஜையிலிருந்தும் கம்பி ஒதுக்கறைக்குப் போய்த் திரும்பும். ஒரு யந்திரம் பழுதானால் அறையிலுள்ள பெட்டி அதை விலக்கிவிட்டு வளையத்தை மூடிக்கொள்ளும். ஈதர்நெட் கட்சியார் பேச்சுமுறையில் ஜயித்தார்கள் என்றாலும், கம்பி போகும் வழியில் எதிர்க்கட்சியே சரியாகச் சிந்தித்திருந்தது. ஆனால் ஐ.பி.எம். வகுத்த கேபிள் கவசமிட்டது, தடித்தது, விலையும் அதிகம்.

விடை எல்லாச் சுவர்களிலும் ஏற்கெனவே இருந்தது. தொலைபேசியின் பெயரோடு சேர்ந்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் உபாயத்துக்கு 1881-லேயே பேடண்ட் பெற்றிருந்தார். பக்கத்துக் கம்பிகளிலிருந்து பாயும் இரைச்சல் முறுக்கிய இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் படியும். பெறுகிற கருவி இரண்டின் வித்தியாசத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வதால், பொதுவாக வந்த இரைச்சல் தன்னால் கழிந்துவிடும். கவசத்துக்குச் செலவழிக்க வேண்டியதை முறுக்கு இனாமாகச் செய்தது. அமெரிக்கக் காரியாலயங்களில் மேஜைதோறும் இத்தகைய கம்பிகள் தொலைபேசி அறையிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஜெராக்ஸ் நிலையத்திலிருந்து வெளியேறிய இருவர் 1985-ல் தொடங்கிய சின்ஆப்டிக்ஸ் என்னும் கம்பெனி, அவற்றில் ஒரு கோடி பிட் வேகம் ஓடுமென்று சில வருஷங்களுக்குள் செய்து காட்டியது; 1990-ல் டென்-பேஸ்-டி என்ற விதி பிறந்தது. ஒரு கம்பிக்கு எல்லை 100 மீட்டர். நடுவில் ஹப் என்ற பெட்டி. கம்பி உயிரோடிருக்கிறது என்று காட்ட ஒவ்வொரு துளையருகிலும் ஒரு சிறு விளக்கு. விளக்கு அணைந்தால் அந்த ஒரு மேஜைக்குப் போனால் போதும். பராமரிப்பவர்களின் வாழ்க்கையை இந்த விளக்கைப் போல் இலகுவாக்கியது வேறொன்றுமில்லை என்பேன்.

தொலைபேசியிடம் பட்ட இந்தக் கடன் எட்டு முள் செருகியில் இன்னும் தெரிகிறது. சென்னை ரிச்சி தெருவில் கிரிம்பிங் கருவியோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர், வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று யோசியாமல் அடுக்குகிறார். பச்சை ஜதை மட்டும் ஏன் பிரிந்து நீலத்தின் இரு புறமும் நிற்கிறது? நடுவிலுள்ள 4, 5 என்ற முட்கள் தொலைபேசிக்கு உரியவை. ஆகவே தரவுக்கு 1, 2 என்பதை ஒரு ஜதையாகவும் 3, 6 என்பதை மற்றொரு ஜதையாகவும் கொண்டார்கள். இதை அறியாமல் ஜதைகளை வரிசையாக அடுக்கிவிட்டால், 3-ஆம் முள்ளும் 6-ஆம் முள்ளும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்தவையாகிவிடும். எட்டும் தொடர்ச்சியாக இருப்பதாகச் சாதாரண டெஸ்டர் சொல்லும். கம்பி நீண்டதென்றால் வலை மாத்திரம் தடுமாறிக்கொண்டிருக்கும்.

ஹப்புக்குள் எல்லாருக்கும் பொதுவான பழைய ஈதர்தான் சுருங்கி உட்கார்ந்திருந்தது. 1990-ல் கல்பனா என்ற கம்பெனி ஏழு துளைகளோடு விற்ற ஸ்விட்ச், செய்தியை விலாசம் பார்த்து உரிய துளைக்கு மாத்திரம் அனுப்பி, அந்தப் பொதுவுடைமையையும் ஒழித்தது. ஆனால் எல்லாரையும் ஒருங்கே முடக்கும் பழுது அடியோடு போய்விடவில்லை. ஒரு கம்பியின் இரு முனைகளையும் யாரோ ஒரே பெட்டியில் செருகிவிட்டால், எல்லாருக்குமென்று அனுப்பிய செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி வலையை மூழ்கடிக்கும். இதற்குப் பரிகாரமாக, டிஜிட்டல் கம்பெனியில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி, பெட்டிகள் உபரி வழிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும் முறையை 1985-லேயே இயற்றி வைத்திருந்தார். விலை மலிந்த பெட்டிகள் பலவற்றில் அது இன்றும் இல்லை.

பொதுக் கம்பி மறுபடியும் வந்திருப்பது மோட்டார் கார்களில். 2019-ல் ஐ-ட்ரிபிள்-இ அங்கீகரித்த விதியொன்றில், ஒரே ஒரு முறுக்கிய ஜதை 25 மீட்டர் வரை ஓடி, எட்டு கருவிகளையாவது வழியில் தொட்டுக்கொண்டு போகலாம். காரில் தாமிரத்தின் எடைக்கும் கணக்குண்டு. மேஜையை நகர்த்தித் திருகைத் தளர்த்த அங்கே ஆளுமில்லை. வேகம் 1980-ல் வகுத்த அதே ஒரு கோடி பிட். ஆனால் மோதலைத் தவிர்க்கக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துப் பேசுகின்றன. டோக்கன் ரிங் கட்சியார் கேட்டது ஏறக்குறைய அதைத்தான்.